ரிஃபாம்பிசின் போட்டும் கணக்கு உதைக்கிறதா? பாக்டீரியா எம்ஆர்என்ஏ அரையாயுள் சோதனையில் பிழை தேடும் வழி

சோதனை காகிதத்தில் மிக எளிது. ஈ.கோலை பாக்டீரியாவை வளர்க்கிறீர்கள். ஓ.டி. (வளர்ப்பின் கலங்கல் அளவு) 0.4 தொட்டதும் ரிஃபாம்பிசின் என்ற ஆண்டிபயாடிக்கை ஊற்றுகிறீர்கள். புது ஆர்என்ஏ உருவாவது நின்றுவிடும். 0, 1, 2, 4, 6, 8 நிமிடங்களில் மாதிரி எடுத்து, ஆர்என்ஏவைப் பிரித்து, க்யூபிசிஆரில் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்கி அளக்கும் முறை) ஓட்டி, ஒரு கோடு போடுகிறீர்கள். அந்தக் கோட்டின் சரிவு, எம்ஆர்என்ஏ (புரதம் தயாரிக்க மரபணுவின் செய்தியை எடுத்துப்போகும் நகல்) எவ்வளவு வேகமாக அழிகிறது என்று சொல்லிவிடும். குழாயை மூடிவிட்டு, தொட்டி எத்தனை நிமிடத்தில் பாதியாகிறது என்று பார்ப்பது மாதிரிதான்.

லேபில் நடப்பது வேறு. ஒரு நாள் தொட்டி காலியாவதே இல்லை. இன்னொரு நாள், மூடிய பிறகும் நிரம்புகிறது. மூன்றாவது நாள் மூன்று குடுவைக்கு மூன்று விடை. அப்போது எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பிசிஆர் மெஷினை, அடுத்து ப்ரைமரை (பெருக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு). நான் பார்த்தவரை கோளாறு அங்கே இருப்பது குறைவு. குழாய் நிஜமாகவே மூடியதா? எடுத்த மாதிரி ட்யூபுக்குள்ளேயும் ஒழுகிக்கொண்டிருந்ததா? அளந்த படி நடுவில் மாறியதா? ஊற்றிய மருந்து வடிகாலையே தொட்டுவிட்டதா? பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று. கீழே அறிகுறி வாரியாகச் சொல்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம்.

அதற்கு முன் ஒரு அளவுகோல். 37 டிகிரியில் வேகமாக வளரும் ஈ.கோலையில் பெரும்பாலான எம்ஆர்என்ஏக்களின் அரையாயுள் (பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 2 முதல் 8 நிமிடத்துக்குள் இருக்கும். வெளிச்சவ்வுப் புரதமான ஓஎம்பி-ஏவின் எம்ஆர்என்ஏ போன்ற சில மட்டும் கால் மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். உங்களுக்கு 40 நிமிடம் என்று வந்தால் புதுக் கண்டுபிடிப்பு என்று குதிக்காதீர்கள். 20 விநாடி வந்தாலும் அப்படியே.

கையோடு ஒரு குறுக்குக் கணக்கு. சிடி மதிப்பு (க்யூபிசிஆரில் சிக்னல் தெரிய எடுத்துக்கொண்ட சுற்று எண்ணிக்கை) 1 கூடினால் அளவு பாதியாகிவிட்டது என்று பொருள். ஆகவே நிமிடத்துக்குச் சிடி எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, 1ஐ அந்த எண்ணால் வகுத்தால் அரையாயுள். நிமிடத்துக்கு 0.35 ஏறினால், விடை கிட்டத்தட்ட 2.9 நிமிடம். ப்ரைமரின் திறன் 100 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான் இது செல்லும். தெரிந்த அளவுகளைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து வரைந்த ஸ்டாண்டர்ட் கர்வின் சரிவு -3.32ஐ விட்டு வெகுதூரம் போயிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எம்ஆர்என்ஏ குறையவே இல்லை

மலிவான பரிசோதனையிலிருந்து தொடங்குவோம். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதி) சேர்க்காத கன்ட்ரோல் ட்யூபைப் பாருங்கள். அதிலும் மற்ற ட்யூப்களுக்குச் சற்றே பின்னால் சிடி வருகிறதென்றால் நீங்கள் அளந்துகொண்டிருப்பது டிஎன்ஏவை. ரிஃபாம்பிசின் வந்தாலும் போனாலும் டிஎன்ஏவுக்கு ஒன்றுமில்லை. மனித செல்லில் வேலை செய்பவர்கள் எம்ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் இன்ட்ரான் பகுதியைத் தாண்டி ப்ரைமர் வைத்துத் தப்பித்துக்கொள்வார்கள். பாக்டீரியாவின் மரபணுக்களில் பொதுவாக இன்ட்ரான் கிடையாது, அந்த வசதி நமக்கு இல்லை. டிஎன்ஏவைத் தின்னும் டிஎன்ஏஸ் நொதியை மறுபடி போடுவதைத் தவிர வழியில்லை.

கன்ட்ரோல் சுத்தமாக இருக்கிறதா? அப்படியானால் உங்கள் மரபணு எந்த ப்ரமோட்டரிலிருந்து (மரபணுவைப் படிக்கத் தொடங்கும் இடம்) ஓடுகிறது என்று பாருங்கள். நான் இதில் ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன். புதிதாக மூன்று ஸ்டாக் கரைத்தேன், மருந்தின் அளவை இரட்டிப்பாக்கினேன், கோடு மட்டும் தரையோடு தரையாகப் படுத்தே கிடந்தது. கடைசியில் பக்கத்து மேசைத் தோழி பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் சிறு வட்ட டிஎன்ஏ) படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது டி7 ப்ரமோட்டர் ஆச்சே" என்றாள். விஷயம் அவ்வளவுதான். ரிஃபாம்பிசின் கட்டிப்போடுவது பாக்டீரியாவின் சொந்த ஆர்என்ஏ பாலிமரேஸை (டிஎன்ஏவைப் படித்து ஆர்என்ஏ செய்யும் நொதி). அதன் பீட்டா துணை அலகில் போய் ஒட்டிக்கொள்ளும். டி7 வைரஸின் பாலிமரேஸ் ஒற்றைப் புரதம், முற்றிலும் வேறு வார்ப்பு. அதை ரிஃபாம்பிசின் தொடாது. ரிஃபாம்பிசின் கொடுத்துச் செல்லின் மற்ற மரபணுக்களை எல்லாம் அடக்கிவிட்டு, டி7 மரபணுவை மட்டும் ஓடவிடும் பழைய உத்தி ஒன்றே இருக்கிறது. பிஎல்21 டிஇ3 செல்லில் (டி7 பாலிமரேஸைத் தயாரிக்கும் ஈ.கோலை வகை) டி7 ப்ரமோட்டர் கொண்ட பெட் வரிசை பிளாஸ்மிட் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைத் தொடங்கவே வேண்டாம். மரபணுவை ஈ.கோலையின் சொந்தப் பாலிமரேஸ் படிக்கும் ப்ரமோட்டருக்கு மாற்றிவிட்டு வாருங்கள்.

டி7 இல்லை என்றால் அடுத்தது மருந்து. ரிஃபாம்பிசின் தண்ணீரில் சரியாகக் கரையாது. டிஎம்எஸ்ஓவிலோ மெத்தனாலிலோ கரைத்து, இருட்டில், குளிரில் வையுங்கள். ஸ்டாக் ட்யூபின் அடியில் செங்கல் தூள் மாதிரி படிந்திருந்தால் மேலே இருக்கும் திரவத்தில் நீங்கள் நினைக்கும் அளவு மருந்து இல்லை. ஈ.கோலையின் வெளிச்சவ்வு இந்த மருந்தை எளிதில் உள்ளே விடாது. வளர்ச்சியைத் தடுக்கவே மில்லிக்குப் பத்து மைக்ரோகிராம் அளவில் வேண்டியிருக்கும். நொடியில் எல்லாப் பாலிமரேஸையும் பிடித்து நிறுத்த 200 முதல் 500 மைக்ரோகிராம் வரை போடுவது வழக்கம். ஸ்டாஃபிலோகாக்கஸுக்கோ காசநோய்க் கிருமிக்கோ இதில் சிறு துளி போதும். சவ்வின் குணம் அப்படி. ஒரு குடுவையின் அளவை இன்னொரு கிருமிக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள்.

மருந்து வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ளச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. மாதிரி எடுத்தது போக மீதியுள்ள வளர்ப்பைக் கொட்டாமல் ஷேக்கரிலேயே விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஓ.டி. பாருங்கள். அது தாராளமாக ஏறியிருந்தால் ஸ்டாக் செத்துவிட்டது, அல்லது உங்கள் செல் பாலிமரேஸின் பீட்டா துணை அலகைத் தரும் ஆர்பிஓ-பி மரபணுவில் மாற்றம் பெற்று எதிர்ப்புக் கொண்டது. இந்த மாற்றம் சுமார் பத்துக் கோடியில் ஒரு செல்லுக்குத் தானாகவே வரும். ரிஃபாம்பிசின் தட்டில் ஒருமுறை வளர்த்துத் தேர்ந்தெடுத்த வகையை யாராவது உங்கள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போயிருந்தால் கதை முடிந்தது.

மருந்தின் செந்நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காசநோய்க்கு இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும். மாத்திரை உள்ளே போனதா என்பதற்கு அதையே அடையாளமாகக் கொள்வதும் உண்டு. குடுவைக்கு அந்த அடையாளம் செல்லாது. குடுவை சிவந்திருக்கிறது என்பதால் மருந்து செல்லுக்குள் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

முதல் ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே நிற்கிறது, அப்புறம்தான் இறங்குகிறது

இது பிழையே இல்லை. ஆனால் இதைப் பிழை என்று நினைத்துத் தரவைத் தூக்கிப்போட்டவர்களை எனக்குத் தெரியும்.

ரிஃபாம்பிசின் பாலிமரேஸின் வினை மையத்தை அடைப்பதில்லை. புதிதாகப் பிறக்கும் ஆர்என்ஏ இழை வெளியே வரும் பாதையில் குறுக்கே உட்கார்ந்துகொள்கிறது. அதனால் புது இழை இரண்டு மூன்று எழுத்து நீண்டதும் முட்டி நின்றுவிடும். ஏற்கெனவே நீளமாக வளர்ந்துவிட்ட இழை அந்தப் பாதையைத் தானே நிரப்பிக்கொண்டிருக்கும். மருந்துக்கு உட்கார இடமில்லை. அந்தப் பாலிமரேஸ் மரபணுவின் கடைசி வரை ஓடி முடித்துவிட்டுத்தான் இறங்கும். குழாயை மூடினாலும் பைப்பில் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் தண்ணீர் விழத்தானே செய்யும்?

பைப் எவ்வளவு நீளம் என்பதுதான் கேள்வி. 37 டிகிரியில் ஈ.கோலையின் பாலிமரேஸ் விநாடிக்கு 40, 50 எழுத்து வேகத்தில் ஓடுகிறது. லாக்-இசட் மரபணு சுமார் 3,000 எழுத்து. உங்கள் ப்ரைமர் அதன் 3' முனையில் (கடைசிப் பக்கம்) இருந்தால், ஒரு நிமிடத்துக்கும் மேல் அங்கே புது ஆர்என்ஏ வந்துகொண்டே இருக்கும். ஓப்பரானில் (ஒரே ப்ரமோட்டரிலிருந்து சேர்ந்து படிக்கப்படும் மரபணு வரிசை) மூன்றாவது நான்காவது மரபணுவாக இருந்தால் தாமதம் இரண்டு நிமிடத்தைத் தாண்டலாம். அரையாயுளே இரண்டு நிமிடமாக இருக்கும் இடத்தில் இது சின்ன விஷயமல்ல. தட்டையான பகுதியையும் சேர்த்துக் கோடு போட்டால் அரையாயுள் செயற்கையாக நீண்டுவிடும்.

இரண்டு வழி. ப்ரைமரை 5' முனைப் பக்கம் (தொடக்கப் பக்கம்), முதல் 200, 300 எழுத்துக்குள் நகர்த்துங்கள். முடியாவிட்டால், ப்ரமோட்டரிலிருந்து உள்ள தூரத்தை வேகத்தால் வகுத்து, அந்தத் தாமதத்துக்குப் பிந்திய புள்ளிகளை மட்டும் வைத்துக் கோடு போடுங்கள். பொறுமை இருந்தால் இரு முனையிலும் ப்ரைமர் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள தாமத வித்தியாசத்திலிருந்து பாலிமரேஸின் வேகமே கிடைத்துவிடும்.

ஒரே நாளில் மூன்று குடுவை, மூன்று விடை

ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு உங்கள் கையைக் கவனியுங்கள்.

குடுவையிலிருந்து உறிஞ்சி எடுத்த கணத்தில் எம்ஆர்என்ஏ அழிவது நின்றுவிடாது. செல்லுக்கு நீங்கள் மாதிரி எடுத்தது தெரியாது. ட்யூபை ஐஸில் வைத்து, எல்லா மாதிரியும் சேரட்டும் என்று காத்திருந்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சென்ட்ரிஃப்யூஜில் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதிரி எட்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கிறது. கடைசி மாதிரி ஒரு நிமிடம்கூட இல்லை. எல்லா மாதிரிக்கும் ஒரே தாமதம் என்றால் கோடு மொத்தமாகக் கீழே இறங்கும், சரிவு மாறாது. மாதிரிக்கு மாதிரி தாமதம் மாறினால்தான் சரிவு கெடும். சேர்த்து வைத்துச் சுற்றும் பழக்கம் இதைத்தான் செய்கிறது: பூஜ்ய நிமிட மாதிரி அதிகமாக இழக்கிறது, கடைசி மாதிரி குறைவாக இழக்கிறது, அரையாயுள் நீண்டதுபோல் தெரிகிறது.

ஐஸ் இன்னொரு குழப்பத்தையும் கொண்டுவரும். குளிர் அதிர்ச்சிப் புரதமான சிஎஸ்பி-ஏவின் எம்ஆர்என்ஏவுக்கு 37 டிகிரியில் அரையாயுள் வெறும் பத்துப் பன்னிரண்டு விநாடிதான். குளிரில் போட்டதும் அதன் அரையாயுள் 20 நிமிடத்தைத் தாண்டிவிடும். உயிருள்ள செல்லை ஐஸில் வைப்பது அதை நிறுத்துவதாகாது; அது வேறொரு சோதனையைத் தொடங்குவது.

ஆகவே வேதிப் பொருளால் நிறுத்துங்கள். எத்தனாலில் 5 சதவீதம் ஃபீனால் கலந்த கரைசலை ட்யூப்களில் முன்கூட்டியே ஊற்றி வைத்துவிடுங்கள். வளர்ப்பு ஐந்து பங்கு என்றால் கரைசல் ஒரு பங்கு. குடுவையிலிருந்து எடுத்த வளர்ப்பு நேராக அதற்குள் விழ வேண்டும், உடனே ஒரு குலுக்கு, அப்புறம் ஐஸ். இதன் பிறகு நிதானமாகச் சுற்றலாம். ஃபீனால் தோலைச் சுடும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள், சிங்க்கில் கொட்டாதீர்கள்.

பூஜ்ய நிமிட மாதிரியை ரிஃபாம்பிசின் ஊற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஊற்றிவிட்டு "உடனே" எடுத்தது பூஜ்யமல்ல. அது 15 விநாடியா 30 விநாடியா என்பது உங்களுக்கே தெரியாது. அரையாயுள் இரண்டு நிமிடமான எம்ஆர்என்ஏ 30 விநாடியில் 16 சதவீதம் போய்விடும். நேரத்தைக் குறிக்க ஒருவர், பைப்பெட் பிடிக்க ஒருவர் என்று இரண்டு பேர் நிற்பது நல்லது. தனியாகச் செய்தால், திட்டமிட்ட நேரத்தை விட்டுவிட்டு, மாதிரி கரைசலில் விழுந்த உண்மையான விநாடியைக் குறித்துக்கொண்டு அந்த எண்ணையே வரைபடத்தில் போடுங்கள். 2 நிமிடம் 11 விநாடி என்றால் 2.18 என்று எழுதுவதில் வெட்கமில்லை.

மருந்து போட்ட பிறகு எம்ஆர்என்ஏ ஏறுகிறது

குழாயை மூடிய பிறகு தொட்டி நிரம்ப முடியாது. அப்படியானால் மாறியது படி.

வகுக்கும் எண்ணாக எதை வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பலரும் வழக்கமான க்யூபிசிஆர் பழக்கத்தில் ஜிஒய்ஆர்-ஏ, ஆர்பிஓ-டி போன்ற "வீட்டு வேலை" மரபணு (எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது) ஒன்றை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற சோதனைகளில் அது சரி. இங்கே அதுவும் ஒரு எம்ஆர்என்ஏ, அதன் குழாயையும் நீங்கள் மூடிவிட்டீர்கள், அதுவும் வடிந்துகொண்டிருக்கிறது. உருகும் ஐஸ்கட்டியை எடைக்கல்லாக வைத்து இன்னொரு ஐஸ்கட்டியை நிறுப்பதற்குச் சமம். உங்கள் மரபணு அதைவிட மெதுவாக அழிந்தால் ஏறுவதுபோல் தெரியும். அதே வேகத்தில் அழிந்தால் தட்டையாகத் தெரியும். "குறையவே இல்லை" என்ற முதல் அறிகுறியோடு வந்தவர்களும் இந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏவுக்கு (புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஒரு பகுதியான ஆர்என்ஏ) மாறுங்கள். சோதனை நடக்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வளரும் செல்லில் அது அசையாது. ஆனால் அது கொள்ளை அளவில் இருக்கும். ஆர்என்ஏவிலிருந்து செய்த அதே சிடிஎன்ஏவை ஆயிரம் மடங்கு நீர்த்து அளந்தால்தான் சிடி படிக்கக்கூடிய இடத்துக்கு வரும். நீர்க்கும்போது பைப்பெட் பிழை நுழையும் என்பதால் இதை ஒரே மூச்சில், ஒரே கையால் செய்யுங்கள். உணவின்றிப் பட்டினி கிடக்கும் செல்லில் ரைபோசோமே சிதையும். அங்கே 16எஸ்ஸையும் நம்ப வேண்டாம்.

ஆர்என்ஏ சீக்வென்சிங் செய்தவர்களுக்கு இதே நோய் வேறு உருவில் வரும். ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்கிவிட்டு, பத்து லட்சம் ரீடுக்கு (மெஷின் படித்த துண்டு) இத்தனை என்று கணக்கிடுகிறார்கள். ஒரு செல்லில் 100 எம்ஆர்என்ஏ, அதில் 90 சீக்கிரம் அழிபவை, 10 நீண்ட ஆயுள் கொண்டவை என்று வையுங்கள். சில நிமிடம் கழித்து 90 என்பது 30 ஆகிறது, 10 என்பது 9 ஆகிறது. நீண்ட ஆயுள் கூட்டம் குறைந்துதான் இருக்கிறது. ஆனால் மொத்தத்தில் அதன் பங்கு 10 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாக ஏறிவிட்டது. மென்பொருள் அதை இரண்டு மடங்குக்கு மேல் "உயர்வு" என்று அச்சடித்துக் கொடுக்கும். இதற்கு மருந்து, செல்லை உடைக்கும் கட்டத்திலேயே பாக்டீரியாவில் இல்லாத வெளி ஆர்என்ஏ ஒன்றை ஒவ்வொரு மாதிரிக்கும் சம அளவில் சேர்ப்பது. ஆர்என்ஏவைப் பிரித்து, அளந்து, சமப்படுத்திய பிறகு சேர்த்தால் பயனில்லை. அந்தத் தரவு ஏற்கெனவே கையில் இருக்கிறது, வெளி ஆர்என்ஏ சேர்க்கவில்லை என்றால்? அதே மாதிரியின் மிச்ச ஆர்என்ஏவை எடுத்து நான்கைந்து மரபணுவை 16எஸ் வைத்து க்யூபிசிஆர் செய்து, அந்த எண்களால் மொத்தத்தையும் இழுத்துப் பொருத்தலாம். அழகான தீர்வல்ல, ஆனால் ஒப்பேறும்.

நன்றாக இறங்கி வந்து கடைசியில் படுத்துவிடுகிறது

படுக்கட்டும். நான்கைந்து அரையாயுள் கடந்ததும் மிச்சம் இருப்பது 3 முதல் 6 சதவீதம்தான். அங்கே டிஎன்ஏ கசடும் பாதி தின்ற துண்டுகளும்தான் பேசும். கோட்டை அங்கே வரை இழுக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று அரையாயுளுக்குள் ஐந்தாறு புள்ளி இருக்கும்படி மாதிரி நேரத்தை நெருக்கி வையுங்கள். 30 நிமிட மாதிரி எடுத்தே தீருவேன் என்பவர்கள், அந்த நேரத்தில் செல்லில் எம்ஆர்என்ஏவே அருகிப்போய், ரைபோசோம்கள் வேலையற்று நிற்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளோராம்ஃபெனிகால் சேர்த்தால் எல்லா எம்ஆர்என்ஏவும் நீடிக்கிறது

இந்த அறிகுறியில்தான் மருந்து வடிகாலைத் தொடுகிறது. இது உண்மையான விளைவு. ஆனால் என்ன விளைவு என்று சொல்வதில் பலரும் சறுக்குகிறார்கள்.

பாடப்புத்தக விளக்கம் இப்படி. குளோராம்ஃபெனிகால் ரைபோசோமின் 50எஸ் பகுதியில் ஒட்டி, அமினோ அமிலங்கள் இணையும் இடத்தை முடக்குகிறது. ரைபோசோம் எம்ஆர்என்ஏ மீதே உறைந்து நின்றுவிடும். உறைந்த ரைபோசோம்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் எம்ஆர்என்ஏவை வெட்ட ஆர்என்ஏஸ் ஈ நொதிக்கு இடம் கிடைக்காது. டெட்ராசைக்ளினும் கிட்டத்தட்ட இதே ரகம். மாறாக, பியூரோமைசின் அரைகுறைப் புரதத்தோடு ரைபோசோமைக் கழற்றிவிடும். காசுகாமைசின் புது ரைபோசோம் ஏறவே விடாது. இரண்டிலும் எம்ஆர்என்ஏ மொட்டையாகிவிடும். அப்படியானால் உறைய வைக்கும் மருந்து ஆயுளைக் கூட்ட வேண்டும், மொட்டையடிக்கும் மருந்து குறைக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது.

1998இல் பாரிஸில் மார்க் டிரைஃபஸ் குழு இந்த விளக்கத்தின் காலை வாரியது. ரைபோசோம் ஏறும் இடத்தையே நீக்கிவிட்ட லாக்-இசட் எம்ஆர்என்ஏ ஒன்றையும், எப்போதுமே புரதமாக மாறாத, பிளாஸ்மிட் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு ஆர்என்ஏவையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டின் மீதும் ரைபோசோம் கிடையாது. மறைக்க ஆள் இல்லை. ஆனாலும், பரிசோதித்த எல்லாப் புரதத் தடுப்பு மருந்துகளும், உறைய வைப்பவையும் ஏறவிடாதவையும், அவற்றின் ஆயுளைக் கூட்டின. அவர்கள் முன்வைத்த விளக்கம் எனக்குப் பிடித்தமானது: புரத உற்பத்தி நின்றால் செல் ரைபோசோம் ஆர்என்ஏவைப் பல மடங்கு உற்பத்தி செய்யத் தொடங்குகிறது. கூட்டு சேரப் புரதம் இல்லாததால் அதெல்லாம் வீண். அதை வெட்டித் தள்ளும் வேலையில் ஆர்என்ஏஸ் ஈயும் அதன் கூட்டாளிகளும் மாட்டிக்கொள்கிறார்கள். புது நொதி தயாரிக்கவும் வழியில்லை, ஏனென்றால் நொதியும் புரதம்தான். மற்ற எம்ஆர்என்ஏவை வெட்ட ஆள் இல்லாமல் போகிறது.

இதனால் உங்கள் மேசையில் என்ன மாற வேண்டும்? குளோராம்ஃபெனிகாலை எப்போது ஊற்றினீர்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள். ரிஃபாம்பிசினோடு சேர்த்து ஒரே நேரத்தில் ஊற்றினால் ரைபோசோம் ஆர்என்ஏ உற்பத்தியும் சேர்ந்தே நிற்கும். நொதிகளைத் திசைதிருப்பும் அந்த வெள்ளம் வராது. 15 நிமிடம் முன்பே ஊற்றினால் வரும். இரண்டு விதமாகவும் செய்து ஒப்பிட்டால், நீங்கள் பார்ப்பது மறைப்பா திசைதிருப்பலா என்று ஓரளவு பிரித்தறியலாம். கூடவே புரதமாக மாறாத ஒரு ஆர்என்ஏவையும் அளங்கள். அதுவும் நீடித்தால் "ரைபோசோம் காக்கிறது" என்று எழுத உங்களுக்கு உரிமையில்லை.

முன்கூட்டியே குளோராம்ஃபெனிகால் போட்டவர்களுக்கு இன்னொரு வினோதம் வரும்: 5' முனை ப்ரைமர் நல்ல அளவு காட்டும், 3' முனை ப்ரைமர் பூஜ்ய நிமிடத்திலேயே சுருண்டுவிடும். ஈ.கோலையில் பாலிமரேஸும் முதல் ரைபோசோமும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. பின்னால் வரும் ரைபோசோம் நின்றுவிட்டால் நடுவில் மொட்டை ஆர்என்ஏ வெளிப்படும். ரோ என்ற புரதம் அதைப் பிடித்து ஏறிப் பாலிமரேஸை நடுவழியில் இறக்கிவிடும். 3' முனை அழியவில்லை, உருவாகவே இல்லை. இரு முனைக்கும் ப்ரைமர் வைக்காதவர்கள் இதை "நிலைத்தன்மை குறைந்தது" என்று தலைகீழாக எழுதிவிடுவார்கள்.

குளோராம்ஃபெனிகால் சேர்த்தும் ஒரு மாற்றமும் இல்லை

பிளாஸ்மிட்டைப் பாருங்கள். பிலைஸ்எஸ், பிஏசிஒய்சி184 இரண்டிலும் குளோராம்ஃபெனிகாலை அசிட்டைல் ஏற்றிச் செயலிழக்க வைக்கும் கேட் மரபணு இருக்கிறது. அந்தப் பிளாஸ்மிட்டைத் தக்கவைக்கவே நீங்கள் அந்த மருந்தைப் போட்டு வளர்த்திருப்பீர்கள்!

எரித்ரோமைசினில் ஒரே ஒரு மரபணு மட்டும் எகிறுகிறது

அது எரித்ரோமைசின் எதிர்ப்பு மரபணுவாக இருந்தால் மகிழுங்கள். கருவி சரியாக இருக்கிறது.

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸிலிருந்து வந்த பிஇ194 பிளாஸ்மிட்டின் எர்ம்-சி மரபணு. 1987இல் டேவிட் பெக்ஹோஃபரும் டேவிட் டுப்னாவும் பேசில்லஸ் சப்டிலிஸில் அதை அளந்தார்கள். எரித்ரோமைசின் இல்லாதபோது சுமார் 2 நிமிடம் வாழும் எம்ஆர்என்ஏ, மருந்து கொஞ்சம் இருந்தால் 40 நிமிடம் வரை வாழ்கிறது. மரபணுவுக்கு முன்னால் 19 அமினோ அமிலம் கொண்ட குட்டிப் புரதம் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. எரித்ரோமைசின் ஒட்டிய ரைபோசோம் அதைப் படிக்கும்போது ஒன்பதாவது அமினோ அமிலத்தருகே நின்றுவிடும். 5' முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ரைபோசோம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பேசில்லஸில் ஆர்என்ஏஸ் ஜே1 என்ற நொதி 5' முனையிலிருந்து தின்றுகொண்டே போகும் ரகம். வாசல் அடைபட்டால் அதற்குச் சாப்பாடு இல்லை. ஈ.கோலையில் அப்படி 5' முனையிலிருந்து தின்னும் நொதி கிடையாது. அங்கே ஆர்என்ஏஸ் ஈ நடுவில் வெட்டும், மீதியை 3' முனையிலிருந்து மற்றவை தின்னும். பேசில்லஸில் கண்ட நீட்சி ஈ.கோலையில் அதே அளவில் வரவில்லை என்றால் உங்கள் சோதனையைக் குறை சொல்லாதீர்கள்.

ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள். எரித்ரோமைசின் போட்டதும் எம்ஆர்என்ஏ ஐந்து மடங்கு கூடியது என்பது மட்டுமே கையில் இருந்தால், அது ஆயுள் கூடியதற்கு ஆதாரமாகாது. தொட்டியின் மட்டம் குழாயாலும் உயரும், வடிகால் அடைபட்டாலும் உயரும். எரித்ரோமைசின் உள்ள குடுவை, இல்லாத குடுவை இரண்டிலும் ரிஃபாம்பிசின் போட்டுச் சரிவை ஒப்பிட்ட பிறகே வாயைத் திறக்க வேண்டும்.

எல்லாம் சரி, ஆனால் மற்றவர்களின் எண்ணோடு ஒத்துப்போகவில்லை

உங்கள் ஈ.கோலை வகையின் பெயரை முழுதாகப் படியுங்கள். பிஎல்21 ஸ்டார் என்பதில் வரும் "ஸ்டார்" அலங்காரமல்ல. ஆர்என்ஏஸ் ஈயின் வால் பகுதி வெட்டப்பட்ட மாற்றம் அதில் இருக்கிறது, எம்ஆர்என்ஏ நீடிக்க வேண்டும் என்றே உருவாக்கியது. வளர்ச்சி வேகமும் கணக்கில் சேரும்: ஓஎம்பி-ஏ எம்ஆர்என்ஏவின் கால் மணி நேர ஆயுள் வேகமாக வளரும் செல்லுக்குத்தான், மெதுவாக வளரும் ஊடகத்தில் அது பாதிக்கும் கீழே போய்விடும். கிருமி மாறினால் எல்லாமே மாறும். காசநோய்க் கிருமியில் சராசரி அரையாயுள் 9.5 நிமிடம், அதன் வேகமாக வளரும் உறவினரான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸில் சுமார் 5 நிமிடம். காசநோய்க் கிருமிக்கு ஆக்சிஜனைக் குறைத்தால் அது அரை மணி நேரத்தையும் தாண்டும். ஷேக்கரை நிறுத்திவிட்டு மாதிரி எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரிஃபாம்பிசின் முறையில் ஒரு எண், வேறு முறையில் வேறு எண்

மேலே உள்ள எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது, இன்னும் பொருந்தவில்லை என்றால், உங்கள் மரபணுவைச் சிறு ஆர்என்ஏ எதுவும் கட்டுப்படுத்துகிறதா என்று தேடுங்கள். ரிஃபாம்பிசின் உங்கள் மரபணுவின் குழாயை மட்டும் மூடவில்லை, செல்லில் உள்ள எல்லாக் குழாயையும் மூடுகிறது. இரும்புப் பஞ்சத்தில் வேலை செய்யும் ஆர்ஒய்எச்-பி என்ற சிறு ஆர்என்ஏ, தன் இலக்கு எம்ஆர்என்ஏவோடு ஜோடி சேர்ந்து, அதோடு தானும் அழியும். ரிஃபாம்பிசின் போட்டால் இலக்குகளும் வருவதில்லை, ஜோடி கிடைக்காமல் ஆர்ஒய்எச்-பி நெடுநேரம் உயிரோடு கிடக்கிறது. ரிஃபாம்பிசின் இல்லாமல் வெறுமனே இரும்பைச் சேர்த்து ஆர்ஒய்எச்-பியின் உற்பத்தியை மட்டும் நிறுத்தினால், இலக்குகள் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால் அது மளமளவென்று மறைந்துவிடும். ஒரே மூலக்கூறு, இரண்டு ஆயுள். இப்படிப்பட்ட மரபணுவுக்கு ரிஃபாம்பிசினை மூடி வைத்துவிட்டு, அந்த ஒரு ப்ரமோட்டரை மட்டும் அணைக்கக்கூடிய ஏற்பாட்டுக்குப் போங்கள். தூண்டும் பொருளைக் கழுவி எடுக்க ஆகும் நேரத்தையும் கணக்கில் எழுதுங்கள்; அங்கேயும் பைப்பில் தண்ணீர் மிச்சமிருக்கும்.